பிக்கப்பின் பின்பக்க ஆக்சில் தேய்ந்துவிட்டால்: உள்ளே மாற்றுவதா, முழுசாக மாற்றுவதா?

60 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் பின்னாலிருந்து ஓர் ஊளை கிளம்பும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அடங்கிவிடும். மிதித்தால் திரும்பவும் ஊளை. என் பிக்கப் இப்படிப் பாட ஆரம்பித்தபோது நான் செய்த முதல் வேலை ரேடியோவின் சத்தத்தைக் கூட்டியதுதான். இரண்டு மாதம் அப்படியே ஓடியது. அப்புறம் ஒரு நாள் வண்டிக்கு அடியில் படுத்து, இன்ஜினின் விசையைப் பின்னால் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாப்ட் வந்து சேரும் பினியன் ஃபிளாஞ்ச் என்ற தட்டைக் கையால் பிடித்து மேலும் கீழுமாக அசைத்துப் பார்த்தேன். ஆடியது. அந்தத் திசையில் அது துளிகூட ஆடக் கூடாது.

விசாரித்தால் ஆளுக்கொரு யோசனை. பேரிங் மட்டும் போட்டால் போதும் என்றார் ஒருவர். பெரிய பல்சக்கரமான கிரௌன் வீலையும் அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனையும் சேர்த்து மாற்றாமல் தீராது என்றார் இன்னொருவர். உடைத்த வண்டியிலிருந்து முழு ஆக்சிலைக் கழற்றி வந்து மாட்டு, ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்றார் மூன்றாமவர். மூவர் சொன்னதும் ஏதோ ஒரு வண்டிக்குச் சரிதான். எந்த வண்டிக்கு எது என்பதுதான் சிக்கல்.

ஆக்சிலுக்குள் இருக்கும் பாகங்கள் பெட்டியில் வருகிற பொருட்கள், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி செட் செய்கிற கை மட்டும் பெட்டியில் வராது. பினியன் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, பேரிங்குக்கு எவ்வளவு பிரீலோடு (முன்கூட்டியே கொடுக்கும் இறுக்கம்), பற்களுக்கு நடுவே எவ்வளவு பேக்லாஷ் (இடைவெளி) என்பதில்தான் ஓர் ஆக்சிலின் ஆயுள் இருக்கிறது. பல வண்டிகளில் இந்த பேக்லாஷ் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், ஏறக்குறைய இரண்டு தாளின் கனம்தான். அதனால் எந்த வழியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, இதில் செட்டிங் யார் கையால் நடக்கிறது என்றுதான்.

முதலில் நோய் எது என்று தெரியட்டும்

டயர் தாறுமாறாகத் தேய்ந்திருந்தால் வரும் ஹூம் சத்தத்தைக் கேட்டு, ஆக்சிலின் நடுவில் இந்தப் பற்கள் இருக்கும் டிஃபரன்ஷியலைக் கழற்றியவர்கள் உண்டு. டயர் சத்தம் சாலை மாறினால் மாறும், பல்சக்கரச் சத்தம் எந்தச் சாலையிலும் ஒரே சுருதியில் இருக்கும். வீல் பேரிங் என்றால் வண்டி ஒரு பக்கம் வளையும்போது கூடி, மறுபக்கம் வளையும்போது குறையும். மிதிக்கும்போது ஒரு சத்தமும் விடும்போது வேறு சத்தமும் வந்தால் பினியன் பக்கம் சந்தேகப்படலாம். வண்டியை எடுக்கும்போது ஒரே ஒரு ‘டங்’ மட்டும் கேட்டால், ஆக்சிலைத் தொடும் முன் புரொப்பல்லர் ஷாப்டின் முனையில் இருக்கும் சிலுவை வடிவ யூனிவர்சல் ஜாயின்ட்டைப் பாருங்கள். அந்தச் சின்னக் கிராஸை மாற்றி வீட்டுக்குப் போக வேண்டியவர் முழு ஆக்சிலுக்கு அலைந்த கதை நிறைய.

அடுத்தது ஆயில். கழற்றி ஒரு தட்டில் ஊற்றுங்கள். ஜி.எல்-5 தரக் கியர் ஆயிலுக்கே உரிய கந்தக நெடி மூக்கைத் துளைக்கும், அதைப் பொறுத்துக்கொண்டு கொஞ்சம் எடுத்து விரல்களுக்கு நடுவே தேயுங்கள். உள்ளே இருக்கும் காந்தத்தில் மை போலச் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். விரலில் வெள்ளி ஜரிகை போல மினுமினுத்தால் பேரிங்கோ பல்லோ உரிகிறது. கண்ணுக்குத் தெரியும் துண்டு வந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பால் கலந்த டீ போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

கடைசியாக ஹவுசிங், அதாவது இவை எல்லாவற்றையும் தாங்கும் வெளிக்கூடு. இதை அதிகம் பேர் பார்ப்பதில்லை, ஆனால் முடிவைப் பெரும்பாலும் இதுதான் எடுக்கும். பின் டயர் இரண்டிலும் அச்சின் உயரத்தில், முன்பக்கமாக சாக்பீஸால் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். வண்டியை அரைச் சுற்று உருட்டி, அதே புள்ளிகள் பின்பக்கம் வந்ததும் மறுபடி அளந்து பாருங்கள். திடமான பின் ஆக்சிலில் இந்த இரண்டு அளவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும். பல மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் ஹவுசிங் வளைந்திருக்கிறது, உள்ளே என்ன புதிதாகப் போட்டாலும் டயரையும் பேரிங்கையும் அது தின்றுகொண்டே இருக்கும்.

இருக்கிற ஹவுசிங்குக்குள் வேலை செய்வது

வீல் பேரிங்கும் சீலும் மட்டும் போயிருந்தால் ஒப்பீடே தேவையில்லை, மாற்றிவிட்டுப் போகலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. இலகு ரக பிக்கப்கள் பலவற்றில் உருளை பேரிங்குக்கு உள்வளையம் கிடையாது, உருளைகள் ஆக்சில் ஷாப்டின் மேலேயே நேரடியாக உருளும். ஷாப்டைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் நகத்தை வைத்து நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் ஷாப்டும் முடிந்தது. அதன்மேல் புது பேரிங் போடுவது பிய்ந்த சுவருக்கு வெள்ளையடிக்கிற வேலை.

கிரௌன் வீலும் பினியனும் மாற்றுவது வேறு கணக்கு. இவை இரண்டும் ஜோடியாகவே உராய்ந்து பழக்கப்பட்டு வருபவை, ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. பினியன் கிரௌன் வீலின் மையத்துக்கு நேராக நிற்காமல் சற்றுக் கீழே தள்ளி நிற்கும். இதைத்தான் ஹைபாய்டு என்கிறார்கள். பற்கள் உருளுவதோடு நிற்காமல் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. அதனால்தான் சாதாரண கியர் ஆயில் போதாமல் ஜி.எல்-5 கேட்கிறது. தப்பான ஆழத்தில் பினியன் நின்றால் பற்களுக்கு வரும் கேடும் அதனால்தான் இவ்வளவு வேகம்.

செட் செய்யும்போது பற்களில் மஞ்சள் பசையைத் தடவிச் சுற்றுவார்கள். தொடும் தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். நுனிப் பக்கமோ அடிப் பக்கமோ ஒதுங்கினால் பினியனை வெளியே எடுத்து, பேரிங்கைப் பிரஸ்ஸில் இழுத்து, ஷிம் என்ற மெல்லிய தகட்டை மாற்றி, திரும்பக் கோத்து, மறுபடி பசை தடவிப் பார்ப்பார்கள். ஒரே தடவையில் விழுந்தால் அதிர்ஷ்டம். நான்கைந்து தடவை கழற்றிக் கோக்கத் தயங்காதவர்தான் இதற்கு ஆள். பேக்லாஷை அளக்கும் டயல் கேஜும், பினியனைச் சுற்ற எவ்வளவு விசை தேவை என்று காட்டும் சின்ன டார்க் ரெஞ்சும் இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

இந்தப் பாடத்தைச் சொந்தக் காசில் படித்தவன் நான். முதலில் ஒரு பட்டறையில் பினியன் பேரிங் இரண்டையும் மட்டும் மாற்றக் கொடுத்தேன். பினியன் பேரிங் இரண்டுக்கும் நடுவே நசுங்கும் ஸ்லீவ் ஒன்று உண்டு. நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கி, பேரிங்குக்குச் சரியான பிரீலோடு வரும். கொஞ்சம் இறுக்கு, சுற்றிப் பார், இன்னும் கொஞ்சம் இறுக்கு என்று பொறுமையாகப் போக வேண்டிய வேலை. அங்கே ஏர் கன்னை வைத்து ‘டர்ர்ர்’ என்று ஒரே மூச்சில் முடித்தார்கள். ஸ்லீவ் அளவுக்கு மேல் நசுங்கினால் நட்டைத் தளர்த்திப் பயனில்லை, புது ஸ்லீவ் போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அன்று எனக்கு இது தெரியாது. முதல் வாரம் ஊளை இல்லை, சந்தோஷம். இரண்டாவது வாரம் ஓட்டி நிறுத்திவிட்டு டிஃபரன்ஷியலின் மூக்கைத் தொட்டேன், கையை வைக்க முடியவில்லை. மூன்றாவது வாரம் ஊளை திரும்பியது, முன்பைவிட ஒரு கட்டை மேலே.

ஆனால் இதை வைத்து இந்த வழியே மோசம் என்று சொல்லமாட்டேன். ஹவுசிங் நேராக இருந்து, ஷாப்டுகள் நன்றாக இருந்து, செட்டிங் தெரிந்த ஆளும் கைவசம் இருந்தால், தன் ஹவுசிங்குக்குள் புது ஜோடி போடுவதுதான் எல்லாவற்றிலும் சுத்தமான வேலை. பிரேக் பைப்பையோ ஹேண்ட்பிரேக் கேபிளையோ ஸ்பிரிங் உட்காரும் இடத்தையோ வேறொன்றுக்கு ஒத்துப்போக வைக்க வேண்டியதில்லை. ஒரே குறை, புதுப் பற்களைப் பழக்க வேண்டும். முதல் ஓட்டம் 25, 30 கிலோமீட்டர் லேசாக ஓட்டி முழுதும் ஆற விடுவது, 800 கிலோமீட்டர் வரை பாரம் ஏற்றாமல் இருப்பது, அப்புறம் ஆயிலை மாற்றுவது என்று பொறுமை வேண்டும். தினம் லோடு அடிக்கிற வண்டிக்கு இது கஷ்டம்.

இதில் ஒரு சலுகை சில வண்டிகளுக்கு உண்டு. டொயோட்டா ஹைலக்ஸ், ஃபோர்டின் பழைய 9 இன்ச் ஆக்சில் போன்றவற்றில் டிஃபரன்ஷியலின் நடுப்பகுதி முழுவதும் முன்பக்கமாக ஒரே கட்டாகக் கழன்று வரும். ஹவுசிங்கின் பின்பக்கத்தில் கழற்றும் மூடி இருக்காது. டேனா 44, டேனா 60, ஃபோர்டு 8.8 போன்றவற்றில் பின்னால் போல்ட் போட்ட மூடி, பற்கள் ஹவுசிங்குக்குள்ளேயே செட் செய்யப்பட்டிருக்கும். முதல் வகையாக இருந்தால், யாரோ மேசையில் வைத்து நிதானமாகச் செட் செய்த நடுப்பகுதியை வாங்கி, ஷாப்டுகளை உருவி, பழையதை எடுத்துப் புதியதை மாட்டிவிடலாம். கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும். உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் குனிந்து பாருங்கள்.

உடைத்த வண்டியிலிருந்து முழு ஆக்சில்

பழையது என்றாலே முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் நல்ல பழைய ஆக்சில் ஒன்றில், தொழிற்சாலையில் செய்த செட்டிங் கை படாமல் அப்படியே இருக்கிறது. அந்தப் பற்கள் ஒன்றோடொன்று பழகி முடித்துவிட்டன. சுமாரான கை செட் செய்த புது ஜோடியைவிட, யாரும் திறக்காத பழைய ஜோடியையே நான் நம்புவேன். அப்படி வாங்கினால் பினியன் நட்டைத் தொடாதீர்கள். பினியன் சீல் கசிந்து கழற்றியே ஆக வேண்டுமென்றால், நட்டும் பினியன் ஷாப்டும் நின்ற இடத்தை உளியால் குறித்துவிட்டுக் கழற்றுங்கள்.

சரி, நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது? பின்மூடி உள்ள வகை என்றால் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு இடம் பாருங்கள். கிரௌன் வீலில் பாதி ஆயிலில் மூழ்கியும் பாதி வெளியேயும் இருக்கும். நெடுநாள் நின்ற வண்டியென்றால் ஆயில் மட்டத்துக்கு மேலே துருக் கோடு தெரியும். பல்லில் லேசாக இருந்தால் துடைத்துப் பார்க்கலாம், பேரிங் உருளைகளில் இருந்தால் விட்டுவிடுங்கள். பற்களில் நீலம் பாரித்திருந்தால் ஆயில் இல்லாமல் சூடேறி ஓடியது. ஃபிளாஞ்சை மேலும் கீழும் அசையுங்கள், ஆடக் கூடாது. சுற்றும் திசையில் கொஞ்சம் தளர்ச்சி இருக்கத்தான் செய்யும், அதற்குப் பயப்பட வேண்டாம். கடைசியாக, அந்த வண்டி எதனால் உடைக்கப்பட்டது என்று கேளுங்கள். முன்னால் மோதியதென்றால் நல்லது. பின் சக்கரத்தில் பக்கவாட்டு அடி வாங்கியதாக இருந்தால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். வெள்ளத்தில் நின்ற வண்டியும் அப்படித்தான்.

அப்புறம் பொருத்தம். ஒரே மாடல், ஒரே பெயர் என்பது போதாது. கியர் விகிதம்தான் முதலில் பார்க்க வேண்டியது. கிரௌன் வீலில் 41 பல், பினியனில் 11 பல் என்றால் 3.73. பினியனில் 10 என்றால் 4.10. மூடியில் தகடு இருந்தால் அதில் எழுதியிருக்கும். இல்லாவிட்டால் கையால் எண்ணலாம்: சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரத்தை அசையாமல் வைத்து, மற்றதை இரண்டு முழுச் சுற்று சுற்றினால் ஃபிளாஞ்ச் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். இரண்டு சக்கர இழுவை வண்டியில் விகிதம் மாறினால் இழுவையும் எரிபொருள் செலவும் மாறும், சில வண்டிகளில் வேகமானியும் பொய் சொல்லும், அவ்வளவுதான். நான்கு சக்கர இழுவை என்றால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே விகிதத்தில் இருந்தே தீர வேண்டும். முன்னால் 3.73, பின்னால் 4.10 என்று மாட்டிவிட்டு நான்கு சக்கர இழுவையைப் போட்டால், இரண்டுக்கும் நடுவே மாட்டிய டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறி நாசமாகும்.

விகிதம் பொருந்தினால் டேப்பை எடுங்கள். ஒரு சக்கரம் உட்காரும் முகத்திலிருந்து மறுசக்கரம் உட்காரும் முகம் வரை, ஸ்பிரிங் மேடைகளின் மையத்துக்கு மையம், வீல் போல்ட் எத்தனை, எந்த வட்டத்தில், புரொப்பல்லர் ஷாப்ட் ஃபிளாஞ்ச் என்ன வடிவம், டிரம் என்ன அளவு, ஏ.பி.எஸ் சென்சார் எங்கே என்று எல்லாவற்றையும் உங்கள் வண்டியில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். ஞாபகத்தை நம்பிப் போனவர் இரண்டு தடவை போவார்.

ரீமேனுஃபாக்சர்டு, புதியது, இன்னும் பெரியது

பழையதைக் கொடுத்துவிட்டுப் புதுப்பித்ததை வாங்கும் முறையில், செட்டிங் உங்கள் தலைவலி இல்லை என்பது பெரிய வசதி. ஆனால் ‘ரீமேனுஃபாக்சர்டு’ என்ற சொல்லுக்குள் பலதும் ஒளிந்திருக்கலாம். எல்லா பேரிங்கும் சீலும் பற்களும் புதிதாகப் போட்டதும் அந்தப் பெயரில் வரும், கழுவிக் கறுப்புப் பெயின்ட் அடித்ததும் வரும். எது எது புதிது, பற்கள் புதியதா பழையதா, பேக்லாஷ் எவ்வளவு விட்டார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தருபவர் வேலை தெரிந்தவர். உத்தரவாதத்தின் நிபந்தனைகளையும், உங்கள் பழைய ஹவுசிங் வளைந்திருந்தால் ஏற்பார்களா என்பதையும் முன்னாடியே பேசிவிடுங்கள்.

முற்றிலும் புதியது என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, காசுதான். இன்னும் பத்து வருடம் அந்த வண்டியை வைத்திருக்கப் போகிறவருக்கும், வண்டி நின்றால் பிழைப்பே நிற்கும் என்பவருக்கும் பொருந்தும். பாதி ஆயுளைத் தாண்டிய பிக்கப்புக்கு நான் வாங்கமாட்டேன். வாங்கினால் இரண்டு விஷயம்: பிரேக் சேர்த்து வருகிறதா என்று பாருங்கள், உள்ளே ஆயில் இருப்பதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் காலியாகத்தான் அனுப்புவார்கள். மாட்டிய சந்தோஷத்தில் ஆயில் ஊற்றாமல் ஓட்டினால், கொடுத்த காசு மொத்தமும் சில கிலோமீட்டரில் ஊளையாக வெளியேறிவிடும்.

எப்படியும் மாற்றுகிறோம், பெரியதாகவே போட்டுவிடலாமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். முழு மிதவை ஆக்சிலில் வண்டியின் பாரம் ஹப்பிலும் ஹவுசிங்கிலும் இறங்கும், ஷாப்ட் சுழற்றும் வேலையை மட்டும் செய்யும். அரை மிதவையில் இரண்டும் ஷாப்டின் தலையில். எப்போதும் பாரத்தோடு ஓடும் வண்டிக்கு முழு மிதவை நல்லதுதான். ஆனால் ஜெனரல் மோட்டார்ஸின் 14 போல்ட் ஆக்சில் போன்றவை 200 கிலோவைத் தாண்டும். ஸ்பிரிங் மேடையை வெட்டி வெல்டு செய்வது, பினியன் கோணம், புரொப்பல்லர் ஷாப்டின் நீளம், வீல், பிரேக் என்று ஒன்று மாறினால் ஐந்து மாறும். தேய்ந்ததைச் சரிசெய்ய வந்தவர் இதில் இறங்க வேண்டாம். இது பொழுதுபோக்கு.

நான் எடுத்த முடிவு

என் ஹவுசிங்கை அளந்தேன், நேராகவே இருந்தது. பின்மூடி வகை. ஒரு பக்க ஷாப்டில் நகம் தட்டியது. அந்த ஏர் கன் புண்ணியத்தில் பற்களின் தடமும் கெட்டுப்போயிருந்தது. பற்கள், பேரிங்குகள், ஒரு ஷாப்ட், செட்டிங் கூலி என்று கூட்டினால் மொத்தச் செலவு பழைய முழு ஆக்சிலின் விலையைத் தாண்டியது. நம்பிக் கொடுக்க எனக்குத் தெரிந்த கையும் இல்லை. முன்பக்கம் நசுங்கிய வண்டியிலிருந்து அதே விகிதத்தில் ஓர் ஆக்சில் கிடைத்தது, எடுத்துவிட்டேன். செட்டிங் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் ஒருவேளை வேறு மாதிரி முடிவெடுத்திருப்பேன்.

மாட்டும் முன் வீல் சீல் இரண்டையும் புதிதாகப் போட்டேன், பிரேக் ஷூவையும் சேர்த்து. ஆக்சில் கீழே கிடக்கும்போது அரை மணி நேரத்தில் முடிகிற வேலை அது. மேலே போன பிறகு அரை நாள் பிடிக்கும். பிரீதர் குழாயை ஊதிப் பார்த்தேன், அடைத்திருந்தது. சூட்டில் விரியும் காற்று அந்த வழியே வெளியேற முடியாவிட்டால் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு பிரேக் டிரம்முக்குள் வரும். புது சீல் போட்டும் கசிகிறது என்று புலம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. பின் பிரேக்கின் லோடு சென்சிங் வால்வுக்குப் போகும் கம்பி எந்த அளவில் நின்றது என்பதைக் கழற்றும் முன்பே பெயின்டால் குறித்து வைத்திருந்தேன். அது நகர்ந்தால் பாரத்தோடு போகும்போது பிரேக் பிடிப்பதே மாறிவிடும்.

ஆக்சிலை ஸ்பிரிங்கோடு பிடித்திருக்கும் பழைய யூ போல்ட்களைத் திரும்பப் போடவில்லை. ஒரு தடவை இறுக்கி இழுபட்டவை இரண்டாம் தடவை அதே பிடி கொடுப்பதில்லை. பட்டை ஸ்பிரிங்கின் நடு போல்ட்டின் தலை மேடையின் குழியில் உட்கார்ந்ததை விரலால் தடவி உறுதி செய்துகொண்டு, வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் ஸ்பிரிங்கில் இருக்கும்போது இறுக்கினேன். 500 கிலோமீட்டர் கழித்து மறுபடி அடியில் படுத்து ரெஞ்சை வைத்தபோது, எட்டு நட்டில் மூன்று இன்னும் கால் சுற்று வாங்கின.